கல்பாசிக்கு ஊர் இல்லையா? மசாலா வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கல்பாசியைப் பொட்டலம் கட்டி விற்கும் மளிகைக் கடை அண்ணாச்சிமார்களுக்கும், அதையே பளபள பாக்கெட்டில் போட்டு விற்கும் மசாலா கம்பெனி முதலாளிகளுக்கும், நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கும்,

வணக்கம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். கடைசியாக நான் வாங்கிய கல்பாசிப் பாக்கெட்டில் எடை இருந்தது, விலை இருந்தது, பாக்கெட் போட்ட தேதி, உரிம எண், எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது எல்லாம் இருந்தது, போதாததற்கு ஒரு செட்டிநாட்டு வீட்டுத் தூண் படமும் இருந்தது. உள்ளே இருப்பது என்ன, எந்த மலையிலிருந்து வந்தது என்பது மட்டும் இல்லை. பெயர் சொல்ல விரும்பவில்லை; எந்த பிராண்டை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான் என்பதால் ஒருவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகவும் இருக்காது. மஞ்சள் என்றால் ஈரோடு, மிளகாய் என்றால் குண்டூர், ஏலக்காய் என்றால் போடி என்று ஊர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு விற்கத் தெரிந்த உங்களுக்கு, கல்பாசி மட்டும் எப்படி ஊரே இல்லாத சரக்காகிப் போனது?

இதைக் கேட்க எனக்குத் துணைக்கு ஒருவர் தேவைப்படுகிறார். பின்லாந்துக்காரர், பாரிஸில் வாழ்ந்தவர், 1899-ல் இறந்துவிட்டார். பெயர் வில்லியம் நைலாண்டர். அவருக்கும் மசாலா வியாபாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உங்கள் பாக்கெட்டுக்குள் இருக்கும் சரக்கில் குறைந்தது இரண்டுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் அவர்தான். அதில் ஒன்றின் பெயரிலேயே நீலகிரி இருக்கிறது. 1869-ல் அவர் வைத்த பெயர் பார்மீலியா நீல்கெரென்சிஸ். இன்னொன்று 1872-ல் அவர் வெளியிட்ட பார்மீலியா டிங்க்டோரம். இரண்டையும் 1974-ல் மேசன் ஹேல் என்ற அமெரிக்கர் பார்மோட்ரீமா என்ற பேரினத்துக்கு மாற்றினார், அதனால் இப்போது பார்மோட்ரீமா நீல்கெரென்ஸ், பார்மோட்ரீமா டிங்க்டோரம் என்கிறார்கள். அதாவது, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், நம் மலைகளை ஒரு தடவைகூடப் பார்த்திராத ஒரு மனிதர், பாரிஸில் உட்கார்ந்துகொண்டு, இந்தச் சரக்கு நீலகிரியைச் சேர்ந்தது என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் எழுதவில்லை.

கல்பாசி என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்கிறவர்களிலேயே பலர் இதை ஏதோ காய்ந்த செடி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது லைக்கன். ஒரு பூஞ்சையும், அதன் உடலுக்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசியும் சேர்ந்து ஓர் உருவமாக வளர்வது. பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது, பூஞ்சை அதைச் சுற்றி வீடு கட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, பதிலுக்குச் சாப்பாட்டில் பங்கு எடுத்துக்கொள்கிறது. மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வளர்ந்தாலும் அங்கிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. அதற்கு வேர் கிடையாது. மழையில், பனியில், காற்றில் என்ன வருகிறதோ அதுதான் அதற்குச் சோறும் தண்ணீரும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு பாக்கெட்டைப் பிரித்து வெள்ளைத் தட்டில் கொட்டி, நகைக்கடையில் வைத்திருப்பார்களே அந்த மாதிரி பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பார்க்காதவரை எல்லாம் ஒன்றுதான்: ஒரு பக்கம் சாம்பல், மறு பக்கம் கறுப்பு, தொட்டால் சருகு. லென்ஸ் வைத்ததும் கதை மாறிவிடும். ஒரு துண்டின் மேல்பரப்பு முழுக்க நுண்ணிய முளைகள் நெருக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும், ஓரம் மழமழவென்று இருக்கும். அது டிங்க்டோரம். பக்கத்துத் துண்டில் முளை எதுவும் இல்லை, ஆனால் ஓரம் நெடுகக் கண்ணிமை முடி போலக் கறுப்பு முடிகள், அதிர்ஷ்டம் இருந்தால் நடுவில் ஓட்டை விழுந்த சின்னக் கிண்ணம் ஒன்றும் இருக்கும். அது நீல்கெரென்ஸ். ஓரத்தில் மாவு பூத்த மாதிரி இருந்தால் பெர்லாட்டம் என்ற இன்னொரு பார்மோட்ரீமாவாக இருக்க வாய்ப்பு. அப்புறம் அகலமான இலை மாதிரி இல்லாமல், ஒல்லியாகக் கிளை கிளையாகப் பிரிந்து நாடா மாதிரி இருக்கும் துண்டுகள்: அவை வேறு கூட்டம், முன்பு எவர்னியாஸ்ட்ரம் என்பார்கள். இதோடு முடியாது. மரப்பட்டைத் துணுக்கு, மாஸ் பாசி, ஒரு பூச்சியின் இறக்கை, ஒரு பைன் மரத்து ஊசியிலை. அந்த ஊசியிலையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இது உத்தரகாண்ட் பைன் காடா, கொடைக்கானலில் நட்டு வளர்த்த பைன் காடா? பாக்கெட்டின் முன்பக்கம் செட்டிநாடு என்கிறது, காரைக்குடியில் பைன் மரம் இல்லை.

சரி, நைலாண்டருக்கு வருவோம்.

1822-ல் பின்லாந்தின் வடக்கே ஊலு என்ற ஊரில் பிறந்தவர். அப்போது பின்லாந்து ரஷ்யச் சக்கரவர்த்தியின் கீழ் இருந்தது. ஹெல்சிங்கியில் மருத்துவம் படித்து 1847-ல் டாக்டர் ஆனார், ஆனால் மனசு நோயாளிகளிடம் நிற்கவில்லை. முதலில் எறும்புகள். வட ஐரோப்பாவின் எறும்புகளைப் பற்றி 1846-ல் எழுதியபோது அவர் பெயர் வைத்த சில சிவப்பெறும்புகள் இன்னும் அதே பெயரில்தான் இருக்கின்றன. அப்புறம் லைக்கன்கள் பக்கம் திரும்பினார், அதோடு சரி, சாகும்வரை வேறு பக்கம் முழுசாகத் திரும்பவில்லை. 1857-ல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் முதல் தாவரவியல் பேராசிரியர். நல்ல வேலை, நல்ல மரியாதை. 1863-ல் அதை விட்டுவிட்டு பாரிஸுக்குப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் காகித உறைகளில் மடித்த லைக்கன்கள் அவரைத் தேடி வந்தன. அவர் ஆயிரக்கணக்கானவற்றுக்குப் பெயர் வைத்தார். லைக்கன் மட்டுமில்லை, பின்லாந்தின் பெசைசா கிண்ணக் காளான்களைப் பற்றியும் 1868-ல் தனியாக ஒரு நூல் எழுதினார்.

நம் மலைச் சரக்கு பாரிஸுக்குப் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலம். புதுச்சேரித் தாவரவியல் பூங்காவை நடத்திய பெரோத்தே, நீலகிரியில் ஏறி இறங்கிச் சேகரித்த பூக்காத் தாவரங்களையும் பூஞ்சைகளையும் லைக்கன்களையும் பாரிஸுக்கு அனுப்ப, ராணுவ மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற காமீய் மொந்தாஞ் என்பவர் அவற்றை ஆராய்ந்து 1842-லேயே நீலகிரிக்கென்று தனியாக ஒரு பட்டியல் வெளியிட்டார். உருளைக்கிழங்கு கருகல் நோய்க்குக் காரணமான உயிரிக்கு 1845-ல் பெயர் வைத்தவரும் இதே மொந்தாஞ்தான். ஆக, நைலாண்டர் நீலகிரிக்கு ஒரு பெயர் வைப்பதற்கு ஒரு தலைமுறை முன்பே ஊட்டிப் பக்கத்து லைக்கன்கள் ஊர் பெயரோடு பாரிஸில் அச்சேறிவிட்டன.

நைலாண்டரின் வாழ்க்கையில் நீங்கள் கவனிக்க வேண்டிய வருஷம் 1866. அந்த ஒரு வருஷத்தில் இரண்டு காரியம் செய்தார். இரண்டும் உங்கள் பாக்கெட்டுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை.

முதலாவது, சொட்டுச் சோதனை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் லைக்கன்களை எப்படிப் பிரிப்பது என்று எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் ஒரு சொட்டும், சலவைக்குப் போடும் பிளீச்சிங் கரைசலில் ஒரு சொட்டும் விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்தால் போதும் என்றார். லைக்கன்களுக்குள் ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு விதமான அமிலங்கள் இருக்கின்றன, ஒன்று சிவக்கும், ஒன்று மஞ்சளாகும், ஒன்று அசையாது. அந்தக் காலத்திலேயே இதை நம்பாதவர்கள் இருந்தார்கள், நிறத்தை வைத்து இனத்தைச் சொல்வதா என்று கிண்டலும் செய்தார்கள். ஆனால் இன்றைக்கும் உலகத்தில் எந்த லைக்கன் கையேட்டைத் திறந்தாலும் கே (பொட்டாஷ்), சி (பிளீச்சிங்) என்ற இரண்டு எழுத்துகளும், நிறம் மாறுமா மாறாதா என்பதற்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறிகளும் இருக்கும். அந்தச் சோதனை அவரிடமிருந்து வந்ததுதான்.

இதைக் கல்பாசியில் செய்து பாருங்கள். டிங்க்டோரம் துண்டை எடுத்து, பிளேடால் சாம்பல் தோலை லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு படலம் தெரியும். அதன் மேல் பல் குத்தும் குச்சி நுனியால் பிளீச்சிங் திரவத்தில் ஒரு சொட்டு. கண் மூடித் திறப்பதற்குள் இரத்தச் சிவப்பு. கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும், அதனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீல்கெரென்ஸில் அதே சொட்டு விட்டால் ஒன்றும் நடக்காது, முதலில் பொட்டாஷ் விட்டு அதன் மேல் பிளீச்சிங் விட்டால்தான் ரோஜா நிறம் காட்டும். அந்த ஒல்லியான நாடாத் துண்டில் பொட்டாஷ் சொட்டு முதலில் மஞ்சளாகும், பிறகு மெதுவாகச் சிவப்பாக மாறும். (சோதித்த துண்டுகளைக் குப்பையில் போடுங்கள், குழம்பில் போட்டுவிடாதீர்கள். பொட்டாஷ் கையில் பட்டால் புண்ணாகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.) இது முடிவான சோதனை இல்லை, சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் குரோமட்டோகிராபி செய்து, அதாவது உள்ளே இருக்கும் அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துதான் தீர்க்க வேண்டும். ஆனால் மூட்டை மூட்டையாகச் சரக்கு எடுக்கும் கம்பெனி, வரும் மூட்டையில் என்ன இருக்கிறது என்று தோராயமாகத் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது. மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த உங்களுக்கு இது பெரிய வித்தையா?

"எல்லாம் ஒரே வாசனைதானே, எது கலந்தால் என்ன" என்று ஒரு அண்ணாச்சி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. எல்லா லைக்கனும் சாப்பிடும் லைக்கன் இல்லை அண்ணாச்சி, அதுதான் பதில். நைலாண்டரின் சொந்த நாட்டுப் பக்கமே, ஸ்காண்டிநேவியாவில், மஞ்சள் நிறத்தில் ஒரு லைக்கன் உண்டு. அதை இறைச்சியில் கலந்து ஓநாய்களைக் கொல்ல வைத்தார்கள். அது நம்மூர் மூட்டையில் வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. பெயர் தெரியாமல் சுரண்டி மூட்டையில் கட்டுகிற ஒரு பொருளில், அப்படி எதுவும் வராது என்று உறுதி சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

1866-ன் இரண்டாவது காரியம் இதைவிடப் பெரியது. பாரிஸ் நகரத்துக்குள் லக்ஸம்பர்க் தோட்டம் என்று ஒரு பெரிய பூங்கா. அங்கே மரங்களின் பட்டையில் வளர்ந்த லைக்கன்களை நைலாண்டர் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். நகரத்தின் மற்ற இடங்களில் லைக்கன் அருகிப்போயிருக்க இங்கே மட்டும் இத்தனை வகை இருக்கின்றனவே என்று யோசித்தவர், காற்று எவ்வளவு சுத்தம் என்பதை லைக்கன்களே அளந்து காட்டுகின்றன என்று எழுதினார். கரிப்புகை ஊரை மூடிக்கொண்டிருந்த காலம் அது. காற்று மாசு என்ற பேச்சே சரியாக ஆரம்பிக்கவில்லை, கருவி கிடையாது, வாரியம் கிடையாது. மரப்பட்டையைப் பார்த்தே ஒருவர் சொல்லிவிட்டார். முப்பது வருஷம் கழித்து, 1896-ல், அதே தோட்டத்து லைக்கன்கள் போய்விட்டன என்று எழுதியதும் அவரே. ஒரே ஆள், ஒரே தோட்டம், முன்னும் பின்னும். 1970-ல் இங்கிலாந்தில் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இருவர், எந்த லைக்கன்கள் இருக்கின்றன என்பதை வைத்து ஒரு இடத்தின் கந்தக டை ஆக்சைடு அளவைப் பத்துப் படிகளில் கணிக்கும் அட்டவணை போட்டார்களே, அந்த வழிக்கு வாசல் திறந்துவிட்டவர்களில் நைலாண்டர் ஒருவர்.

வேர் இல்லை, காற்றில் வருவதுதான் சாப்பாடு என்று முன்னால் சொன்னேன் இல்லையா, அதை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். மாசு அதிகமானால் மென்மையான லைக்கன்கள் செத்துப்போகும். தாக்குப்பிடிப்பவை சாகாது, வந்ததை எல்லாம் உடம்புக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஈயம், காட்மியம், பாதரசம், எது வந்தாலும். இலை மாதிரி வருஷா வருஷம் உதிர்ந்து புதுசாக வருவதில்லை. வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளர்கிற உருவம், பல வருஷத்துக் காற்று அதற்குள் இருக்கும். 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு, அதன் கதிரியக்கச் சீசியம் மழையோடு இறங்கி லைக்கனில் சேர, லைக்கனைத் தின்ற கலைமான்களின் இறைச்சி, அவற்றை மேய்த்து வாழும் வட ஐரோப்பியப் பழங்குடிகளான சாமி மக்கள் சாப்பிட முடியாததாகிப் போனது. வெடித்த இடம் உக்ரைன், பாதிக்கப்பட்டது ஸ்வீடனிலும் நார்வேயிலும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் கொடைக்கானலுக்கு வாருங்கள். அங்கே இருந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. அதைச் சுற்றிப் பாதரசம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஹைதராபாத்தில் இருக்கும் அணுசக்தித் துறை ஆய்வகத்துக்காரர்கள் எதைப் பறித்துக்கொண்டு போனார்கள் தெரியுமா? மரத்து லைக்கனையும் மாஸ் பாசியையும்தான். அவற்றில் பாதரசம் இருந்தது, 2003-ல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். காற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விஞ்ஞானிகள் தேடிப் போகிற அதே வகை உயிரைத்தான் நாம் எண்ணெயில் தாளித்து பிரியாணியில் போடுகிறோம். அந்த மரங்களிலிருந்து யாரும் கல்பாசி எடுத்து விற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நீங்கள் சொல்லாதவரை, எங்கிருந்து எடுக்கவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியாது. ஆழ்ந்த சோலைக்குள் விழுந்த கிளையிலிருந்து எடுத்த கல்பாசியும், லாரி புகை படியும் மலைப்பாதை ஓரத்து மரத்திலிருந்து சுரண்டிய கல்பாசியும் பார்க்க ஒன்றுதான், வாசனையும் ஒன்றுதான், உங்கள் பாக்கெட்டில் விலையும் ஒன்றுதான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நைலாண்டரை ஏதோ மகான் மாதிரி காட்டுகிறேன் என்று நினைத்துவிடுவீர்கள். மனிதர் மகா சண்டைக்காரர். கூட வேலை செய்த லைக்கன்காரர்களில் அவரோடு சண்டை போடாதவர்களைத் தேட வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய சண்டை எதற்கு என்றால், லைக்கன் என்பதே பூஞ்சையும் பாசியும் சேர்ந்ததுதான் என்று 1867-ல் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ்காரர் சொன்னாரே, அதற்குத்தான். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பாடம் அது. நைலாண்டர் கொதித்துப் போனார். லைக்கன் தனி இனம், தனி உயிர், இந்தக் கதையெல்லாம் முட்டாள்தனம் என்று எழுதினார். அவர் இருந்த அதே பாரிஸில் 1873-ல் போர்னே என்பவர் பூஞ்சை இழைகள் பாசியை எப்படிப் பற்றிக்கொள்கின்றன என்று நுணுக்கமாகக் காட்டினார், 1877-ல் ஸ்டால் என்ற ஜெர்மானியர் பூஞ்சையையும் பாசியையும் சேர்த்து வைத்து லைக்கனையே வளர்த்துக் காட்டினார். நைலாண்டர் அசையவில்லை. கடைசிவரை ஒத்துக்கொள்ளாமலேயே, நண்பர்கள் பெரும்பாலும் விலகிப் போன நிலையில், 77 வயதில் பாரிஸில் இறந்தார். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், இன்றைய பெயரிடல் விதிகளின்படி ஒரு லைக்கனுக்கு வைத்த பெயர் அதில் இருக்கும் பூஞ்சைக்குத்தான் சேரும். பாசிக்குத் தனிப் பெயர். ஆக, லைக்கனுக்குள் பூஞ்சையே கிடையாது என்று சாதித்த மனிதர் வாழ்நாள் முழுக்க வைத்த ஆயிரக்கணக்கான பெயர்கள் அத்தனையும் இப்போது பூஞ்சைகளின் பெயர்கள். நீல்கெரென்ஸும் அப்படித்தான்.

இவ்வளவு பெரிய விஷயத்தில் தவறிய மனிதரின் வேலையை இன்னும் ஏன் எல்லோரும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்? அவருடைய உறைகள் இருக்கின்றன. பணமுடையில், வருஷா வருஷம் ஒரு தொகை பெறும் ஏற்பாட்டில், தன் சேகரிப்பு முழுவதையும் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 50,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. சேகரிப்பில் ஒரு மாதிரி என்றால் என்ன? மடித்த காகிதம், உள்ளே ஒரு துண்டு லைக்கன், மேலே எந்த இடம், யார் எடுத்தார், என்ன பெயர் என்று எழுதிய சீட்டு. கோட்பாடு செத்துப்போனது, சீட்டு சாகவில்லை. இன்றைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் உறையைத் திறந்து, ஒரு சொட்டு விட்டு, நைலாண்டர் எதைப் பார்த்து இந்தப் பெயர் வைத்தார் என்று நேரில் பார்த்துக்கொள்ளலாம். அவரை நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

நான் உங்களிடம் கேட்பதும் அந்தச் சீட்டைத்தான்.

என்ன சொல்லப் போகிறீர்கள் என்று தெரியும். சரக்கு கலவையாகத்தான் வருகிறது, பிரிக்க முடியாது என்பீர்கள். சரி, கலவை என்றே போடுங்கள். பார்மோட்ரீமா இனங்களின் கலவை என்று ஒரு வரி போட்டால் அதுவே இப்போது இருப்பதைவிட நூறு மடங்கு மேல். மொத்த வியாபாரி ஊர் சொல்வதில்லை என்பீர்கள். கேட்டுப் பாருங்கள், சொல்லாதவரிடம் வாங்காதீர்கள், இரண்டு சீசனில் எல்லோரும் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சட்டம் இதைக் கேட்கவில்லையே என்பீர்கள். செட்டிநாட்டுத் தூண் படத்தைப் போடச் சொல்லியும் எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

யார் படிக்கப் போகிறார்கள் என்ற கேள்விதான் எனக்கு உண்மையில் பிடிக்கவில்லை. மலையில் ஏறி இதைச் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் பழங்குடி மக்கள். எந்தக் காட்டில், எந்த மரத்தில், எந்த மாதத்தில் எடுத்தோம் என்று அவர்களிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். அந்தத் தகவல் அவர்கள் வாயில் இருக்கிறது. மூட்டை கை மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, உங்கள் பாக்கெட்டுக்கு வரும்போது ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஊர் பெயர் பாக்கெட்டில் ஏறினால் அந்த ஊர்ச் சரக்குக்கு ஒரு விலை கிடைக்கும், ஈரோட்டு மஞ்சளுக்குக் கிடைப்பது மாதிரி. பட்டையோடு சேர்த்துச் சுரண்டி ஒரே சீசனில் மரத்தை மொட்டையடிப்பதற்குப் பதிலாக, விழுந்த கிளையிலிருந்து எடுத்து மிச்சத்தை வளரவிடுகிறவருக்கு அதற்கான காசு போய்ச்சேர வழி பிறக்கும். வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளர்கிற ஒன்றை கிலோக் கணக்கில் விற்கிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள். சரக்கு தீர்ந்தால் உங்கள் வியாபாரமும் போகும்.

பெரிய கம்பெனிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உங்களிடம் ஆய்வகம் இருக்கிறது, அல்லது ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புகிற வழக்கம் இருக்கிறது. மிளகாய்த்தூளில் சாயம் இருக்கிறதா, மஞ்சளில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். கல்பாசியை அந்தப் பட்டியலில் முதலில் வைக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் அலமாரியில் இருக்கும் மசாலாப் பொருட்களிலேயே காற்றை வடிகட்டிச் சேர்த்து வைப்பதையே தொழிலாகக் கொண்டது இதுதான். ஒவ்வொரு மூட்டைக்கும் ஈயம், காட்மியம், பாதரசம் பாருங்கள். லைக்கன்களை அடையாளம் காட்டத் தெரிந்த ஆட்களும் நாட்டில் இருக்கிறார்கள். லக்னோவில் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பெரிய லைக்கன் சேகரிப்பே இருக்கிறது. ஒரு கூரியர் செலவு.

சின்னக் கடை அண்ணாச்சியிடம் ஆய்வகம் கேட்கவில்லை. மூட்டை வரும்போது "எந்த ஊர்ச் சரக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பதிலைப் பொட்டலத்தில் பேனாவால் எழுதுங்கள். "கொல்லிமலை" என்றோ "நைனிடால்" என்றோ எழுதியிருந்தால் போதும். தெரியவில்லை என்றால் "ஊர் தெரியாது" என்றே எழுதுங்கள், அதுவும் நேர்மையான சீட்டுதான்.

கம்பெனிக்காரர்கள் அடுத்த தடவை பாக்கெட் டிசைன் மாற்றும்போது பின்பக்கம் இந்த மாதிரி இரண்டு வரி சேர்த்தால் போதும்: "பார்மோட்ரீமா இனங்களின் கலவை. சேகரித்த இடம், ஆண்டு: (மாவட்டம், வனச்சரகம், ஆண்டு). ஈயம், காட்மியம், பாதரசம் சோதிக்கப்பட்டது." இடம் பற்றவில்லை என்றால் தூணை எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு வரியை முதலில் அச்சடிப்பவர் கொஞ்சம் விலை கூட்டி விற்றாலும் வாங்கிக்கொள்கிறேன், வாங்கிய பாக்கெட்டில் சொட்டு விட்டுப் பார்த்து, சொன்னதும் இருப்பதும் ஒன்றா என்று உங்களுக்கே எழுதியும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மாதம் தவறாமல் கல்பாசி வாங்கும் ஒரு வாடிக்கையாளர்